பத்தியப் பட்டியலும் குருதித்தொற்றும்

கீமோதெரபி முடிந்து வீடு திரும்பும் இரத்தப் புற்றுநோயாளியின் கையில் பெரும்பாலும் ஒரு தாள் இருக்கும். பச்சைக் காய்கறி கூடாது, தோலோடு தின்னும் பழம் கூடாது, வெளிச்சாப்பாடு கூடாது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு குறைந்தவர்களுக்கான இந்தப் பத்தியம் பல நாடுகளில் பல பத்தாண்டுகளாக வழக்கில் உள்ளது. உணவோடு உள்ளே போகும் பாக்டீரியா குடற்சுவரைக் கடந்து இரத்தத்தில் பரவிவிடும் என்ற அச்சமே அதன் அடிப்படை. அச்சம் நியாயமானதுதான். ஆனால் பச்சை, வெந்தது என்று உணவைப் பிரிக்கும் விதி கிருமி வரும் வழியோடு பொருந்தவில்லை என்பதும், நோயாளியின் தட்டில் வைக்கும் கட்டுப்பாட்டைவிட ஆலையிலும் கொள்முதலிலும் வைக்கும் கட்டுப்பாடே உயிரைக் காக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பத்தியத்தைச் சோதித்த ஆய்வுகளிலிருந்து தொடங்கலாம். ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையம் 2008இல் வெளியிட்ட ஆய்வில், கடும் மைலாய்டு இரத்தப் புற்றுக்கு முதற்சிகிச்சை பெற்ற 153 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். வெந்ததை மட்டும் உண்டவர்களில் 29 விழுக்காட்டினருக்கும், பச்சைக் காய்கனியும் உண்டவர்களில் 35 விழுக்காட்டினருக்கும் பெருந்தொற்று வந்தது. புள்ளியியல்படி இது வேறுபாடே இல்லை. இறப்பிலும் வேறுபாடு தென்படவில்லை. 150 குழந்தைகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வும், குருத்தணு மாற்றம் பெற்ற 222 பேரிடம் நடந்து 2023இல் வெளியான இத்தாலிய ஆய்வும் இதே முடிவுக்கே வந்தன. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. இந்நோயாளிகளின் குருதித்தொற்றில் பெரும்பங்கு, மருந்தால் புண்பட்ட வாய்க்குழியிலும் குடலிலும் முன்பே குடியிருக்கும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவற்றால் வருவது. அன்றைக்குத் தின்ற கொய்யாவைக் குற்றஞ்சாட்டுவதில் பொருளில்லை.

இதைக் கொண்டு உணவால் ஆபத்தே இல்லை என்று முடிவுகட்டுவோரும் உண்டு. அது அவசரம். இருநூறு பேரைக் கொண்ட ஆய்வு, ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடிய தொற்றைக் காட்டாது. மேலும், எதிர்ப்பாற்றல் எல்லாரிடமும் ஒரே இடத்தில் குன்றுவதில்லை. ஸ்டீராய்டு, டி.என்.எஃப். தடுப்பு மருந்து, எச்.ஐ.வி. ஆகியவை டி செல் சார்ந்த காப்பைத் தளர்த்தும். செல்லுக்குள் ஒளிந்து வாழும் லிஸ்டீரியாவுக்கும் சால்மோனெல்லாவுக்கும் அதுவே திறந்த கதவு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011இல் டி.என்.எஃப். தடுப்பு மருந்துகளின் கட்டமிட்ட எச்சரிக்கையில் லிஸ்டீரியாவைச் சேர்த்தது இதனால்தான். கல்லீரல் சுருங்கியவருக்கும் இரும்பு மிகுந்தவருக்கும் எமன் வேறு: விப்ரியோ வல்னிஃபிகஸ். இத்தனை பேருக்கும் ஒரே தாளைக் கொடுப்பது எளிது, அவ்வளவுதான்.

லிஸ்டீரியாவைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். குருதி வளர்ப்புக் குப்பியிலிருந்து எடுத்த துளியைக் கிராம் சாயமிட்டால் நீலஊதா நிறக் குட்டைக் கோல்கள் தெரியும். தோலிலிருந்து தவறிவந்த டிஃப்தீராய்டு என்று அதை ஒதுக்கிவிடுவது ஆய்வகங்களில் நேரக்கூடிய பிழை. அறைவெப்பத்தில் வளர்த்த ஈரத்துளியில் குட்டிக்கரணம் போட்டு நகர்வதே அதன் அடையாளம். காரணம் தெரியாத காய்ச்சலுக்கு வழக்கமாகத் தொடங்கும் செஃப்ட்ரையாக்சோன் அதனிடம் பலிக்காது, ஆம்பிசிலின் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது குளிர்பதனப் பெட்டிக்குள்ளும் பெருகும். பிற கிருமிகளை அடக்கிவைக்கும் 4 பாகைக் குளிர் இதற்குப் போட்டியில்லாத களம். சூடாக்கினால் சாகும், ஆனால் வெந்தபின் ஆலையில் வந்து ஒட்டி, வாரக்கணக்கில் குளிரில் இருந்து, மறுபடி சூடாக்காமல் உண்ணப்படும் பண்டத்தை முதலில் வேகவைத்ததால் என்ன பயன்?

தென்னாப்பிரிக்கா இதற்கு விடை சொன்னது. 2017, 2018 ஆண்டுகளில் அங்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு லிஸ்டீரியா தொற்று உறுதியானது; அறியப்பட்ட வரலாற்றில் இதுவே மிகப்பெரிய பரவல். மாதக்கணக்கில் மூலம் தெரியவில்லை. 2018 ஜனவரியில் சொவெட்டோவின் மழலையர் காப்பகம் ஒன்றிலிருந்து வயிற்றுப்போக்கோடு சிறுவர்கள் கிறிஸ் ஹானி பரக்வனாத் மருத்துவமனைக்கு வந்தனர். காப்பகத்தின் குளிர்பதனப் பெட்டியில் இருந்த பொலோனியில் கிருமி அகப்பட்டது. பொலோனி என்பது இறைச்சிக் கூழை உறையிலடைத்து வேகவைத்த மலிவான பண்டம். ஏழை வீடுகளின் அன்றாடப் புரதம். தடம் பொலோக்வனே நகர ஆலையில் முடிந்தது. மார்ச் 4 அன்று சுகாதார அமைச்சர் ஆரன் மோட்சொலேடி அதை அறிவித்தார். 937 நோயாளிகளை ஆராய்ந்த கட்டுரைப்படி, பாதித் தொற்றுகள் கருவுற்றிருத்தலோடு தொடர்புள்ளவை. எச்.ஐ.வி. நிலை தெரிந்த மற்ற நோயாளிகளில் 46 விழுக்காட்டினர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். முடிவு தெரிந்த 728 பேரில் 193 பேர் இறந்தனர். பதப்படுத்திய இறைச்சியை விலக்கச் சொல்லும் பட்டியல்கள் உண்டு என்பது மெய்யே. ஆனால் வேறு புரதம் வாங்க இயலாதவரிடம் அப்பட்டியல் என்ன செய்யும்?

மருத்துவமனையே தொற்றைப் பரிமாறிய நிகழ்வுகள் இன்னும் சங்கடமானவை. 2010இல் டெக்சஸில், ஏற்கெனவே நோயுற்றிருந்த பத்துப் பேருக்கு லிஸ்டீரியா வந்து ஐவர் இறந்தனர். நறுக்கிப் பொட்டலமிட்டு மருத்துவமனைகளுக்கு வந்த செலரியே மூலம். பச்சைக் காய்தானே என்று பத்தியவாதிகள் இதைத் தங்கள் பக்கச் சான்றாக்கலாம். ஆனால் கான்சஸ் மருத்துவமனை ஒன்றில் வேறு காரணங்களுக்காகச் சேர்ந்திருந்த ஐந்து நோயாளிகளுக்குத் தொற்றைக் கொடுத்தது ஐஸ்கிரீம். 2015இல் வெளிப்பட்ட அந்த நிகழ்வில் மூவர் இறந்தனர். ஐஸ்கிரீமில் இருந்த கிருமியின் அளவோ குறைவு. நலமுள்ள ஏராளமானோர் அதே ஐஸ்கிரீமைத் தின்று நடமாடிக்கொண்டிருந்தனர். செலரிக்கும் ஐஸ்கிரீமுக்கும் பொதுவானது ஆலைத் தரையும் இயந்திர இடுக்குமே. அங்கே தங்கிய கிருமியை நோயாளியோ செவிலியரோ பார்த்து விலக்க முடியாது. கிருமிச் சோதனை அறிக்கை கேட்டு வாங்கும் கொள்முதல் அதிகாரியால் ஓரளவு முடியும்.

பட்டியலால் தீங்கில்லையே என்ற சமாதானமும் நிற்காது. வாய்ப்புண்ணோடு பசியற்றுக் கிடப்பவரிடம் பழத்தையும் பறித்தால் உண்ணும் அளவு இன்னும் சுருங்கும்.

எச்சரிக்கைக்கும் விதிக்கும் உள்ள வேறுபாட்டைக் கலிபோர்னியா காட்டியிருக்கிறது. மெக்சிகோ வளைகுடாவின் பச்சைச் சிப்பியில் விப்ரியோ வல்னிஃபிகஸ் கோடையில் மிகும். கல்லீரல் நோயாளியின் இரத்தத்தில் அது பரவினால் பாதிக்குமேல் சாவு. 1991 முதல் அம்மாநில உணவகங்களில் எச்சரிக்கை அறிவிப்பு கட்டாயமாயிற்று, சாவுகள் தொடர்ந்தன. 2003இல், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வளைகுடாவில் எடுக்கும் சிப்பியைக் கிருமிநீக்கம் செய்யாமல் பச்சையாக விற்கத் தடை வந்தது. அதன்பின் அச்சிப்பியால் நேர்ந்த சாவுகள் அங்கே ஏறத்தாழ அற்றுப்போயின. 2009இல் கூட்டாட்சி உணவு மருந்து நிர்வாகம் இதையே நாடு முழுமைக்கும் கொண்டுவர முன்வந்தது. வளைகுடா மாநிலங்களின் சிப்பித் தொழிலும் அவற்றின் மக்கள் பிரதிநிதிகளும் எதிர்க்க, சில வாரங்களிலேயே பின்வாங்கியது.