நாடோடிகள் நால்வர்

கனடாவின் டாசன் கிரீக் நகரிலிருந்து அலாஸ்காவின் உட்பகுதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கோடை தோறும் வீட்டுவண்டிகள் அணியணியாய்ச் செல்வதைக் காணலாம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்பதனப் பெட்டி ஆகிய யாவும் ஓர் உந்து வண்டிக்குள் அடங்கிவிடுகின்றன. நண்பர்கள் சிலர் கூடிப் புறப்பட்டு, ஊசியிலைக் காடுகளுக்கும் பனிமலைகளுக்கும் ஊடே வாரக்கணக்கில் திரிந்து மீள்கின்றனர். ஊர் துறந்து காடு புகுந்த முனிவர்களை நம் இலக்கியங்கள் அறியும். ஆயின், சமையலறையையும் உடன்கொண்டு காடு புகும் இப்புதுத் துறவு எப்போது தோன்றியது?

வீடு போன்ற வண்டியை முதலில் செய்தவர் யார் என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. 1910ஆம் ஆண்டிலேயே பியர்ஸ் ஆரோ என்னும் நிறுவனம் படுக்கையாக மாறும் இருக்கையுடன் ஒரு வண்டியைச் செய்து காட்டியது. அதனை வாங்கியவர் சிலரே. உந்து வண்டியில் ஏறிக் காட்டில் கூடாரமிட்டு வாழும் ஆசையை அமெரிக்கப் பொதுமக்களின் நெஞ்சில் ஊன்றிய பெருமை நான்கு நண்பர்களையே சாரும். தாமஸ் ஆல்வா எடிசன், ஹென்றி ஃபோர்டு, ஹார்வி ஃபயர்ஸ்டோன், ஜான் பரோஸ் என்பார் அந்நால்வர். முதல்வர் மின்விளக்கால் உலகறிந்தவர். இரண்டாமவர் மாடல் டி வண்டியை எளியவர் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தவர். மூன்றாமவர் அவ்வண்டிக்கு டயர் செய்து கொடுத்தவர். நான்காமவர் வெண்தாடி வேந்தரைப் போன்ற தோற்றமுடைய எழுத்தாளர். பறவைகளையும் மரங்களையும் பற்றி எழுதியே அமெரிக்க இல்லந்தோறும் அறிமுகமானவர். தம்மை இவர்கள் ‘நாடோடிகள்’ என்று அழைத்துக்கொண்டனர்.

இந்நட்பின் தொடக்கம் சுவையானது. பரோஸ் உந்து வண்டியை வெறுத்தவர். காட்டின் அமைதியைக் குலைக்க வந்த கேடு என்று அதனைக் கண்டித்தவர். ஃபோர்டோ அவருடைய நூல்களை விரும்பிப் படித்தவர், பறவை நேயர். 1913இல் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் அமெரிக்க நாடாளுமன்றத்தின்முன் வந்தபோது அதற்கு ஆதரவு திரட்டத் தம் ஆளையே தலைநகருக்கு அனுப்பியவர். வண்டியும் காடும் பகையல்ல என்று கிழவருக்கு மெய்ப்பிக்க விரும்பிய ஃபோர்டு, அவ்வாண்டில் ஒரு மாடல் டி வண்டியை அவருக்குப் பரிசாக அனுப்பிவைத்தார். எழுபத்தைந்து வயதில் வண்டியோட்டக் கற்றார் பரோஸ். ஒருநாள் அவ்வண்டி அவர் சொற்கேளாமல் அவருடைய களஞ்சியத்தின் சுவரை இடித்துவிட்டது. ஆனாலும் வண்டி அவரை வென்றுவிட்டது. எட்டாத காடுகளெல்லாம் அவருக்கு இப்போது எட்டின. பகைவரை நண்பராக்கிய இப்பரிசு, விளம்பரக் கலையிலும் ஃபோர்டு வல்லவர் என்பதற்குச் சான்று எனலாம்.

1914இல் ஃபோர்டும் பரோசும் எடிசனின் விருந்தினராகத் தெற்கே புளோரிடாவின் சதுப்புக் காட்டில் கூடாரமிட்டனர். 1915இல் சான்பிரான்சிஸ்கோ பொருட்காட்சிக்குச் சென்ற எடிசன், ஃபோர்டு, ஃபயர்ஸ்டோன் மூவரும் கலிபோர்னியாவில் வண்டியில் உலாவினர். ஆண்டுதோறும் இவ்வாறு புறப்படுவோம் என்ற எண்ணம் ஆங்கே அரும்பியது. அடுத்த ஆண்டு அவ்வெண்ணம் வடக்கு நோக்கித் திரும்பியது.

நியூயார்க் மாநிலத்தின் வடபால் அமைந்தது அடிராண்டாக் மலைக்காடு. மரம் வெட்டுவோரின் கோடரிக்கு இரையாகிவந்த அக்காட்டைக் காக்க 1892இல் அதனை மாநிலப் பூங்காவாக அறிவித்தனர். அங்குள்ள அரசுக்காடு எக்காலத்தும் காடாகவே இருத்தல் வேண்டும் என 1894இல் மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தனர். 1916ஆம் ஆண்டுக் கோடையின் இறுதியில் அறுபத்தொன்பது வயது எடிசனும், நாற்பத்தேழு வயது ஃபயர்ஸ்டோனும், எழுபத்தொன்பது வயது பரோசும் இக்காட்டுக்குள் புகுந்தனர். அவ்வாண்டு ஃபோர்டினால் வர இயலவில்லை. வழி வகுப்பவர் எடிசன். முன்னிருக்கையில் அமர்ந்து, திசைகாட்டியும் வரைபடமுமாய், நல்ல சாலையை விடுத்துக் கரடுமுரடான கிளைப்பாதைகளையே தேர்ந்தெடுப்பது அவர் வழக்கம். பட்டணமும் பெரிய விடுதியும் அவருக்கு ஆகா. களைத்த இடத்தில் மரத்தடியில் சட்டையும் கழற்றாது உறங்கிவிடுவார். காது மந்தமான அவருக்குக் காட்டின் ஓசைகள் கேட்டிரா. ஆயினும் நால்வருள் காட்டில் மிக எளிதாகக் கலந்தவர் அவரே.

போர்க்காரணத்தால் 1917இல் பயணம் இல்லை. 1918இல் நால்வரும் ஒருசேரப் பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா வழியாகத் தெற்கு மலைகளுக்குச் சென்றனர். பேக்கார்டு வண்டி இரண்டு, மாடல் டி இரண்டு, பொருள்சுமக்கும் ஃபோர்டு வண்டி இரண்டு என ஆறு வண்டிகள் அணிவகுத்தன. வழியில் ஒரு பேக்கார்டின் விசிறி முறிந்து நீர்க்கலத்தைத் துளைத்துவிட்டது. அவ்வூர்ப் பட்டறையில் தாமே அதனைச் செப்பனிட்டார் ஃபோர்டு. இத்தனை வசதிகளைச் சுமந்துகொண்டு வசதிக்குறைவைத் தேடிப் போகும் விந்தையைப் பரோஸ் தம் கட்டுரையொன்றில் நகைச்சுவையாகக் குறித்துள்ளார்.

அவர் நகைத்ததில் பிழையில்லை. 1919இல் நால்வரும் மீண்டும் அடிராண்டாக்குக்கும் வெர்மான்டின் பசுமலைகளுக்கும் சென்றபோது, பெட்ரோல் அடுப்பும் பனிக்கட்டிப் பெட்டியும் பொருத்திய சமையல் வண்டி ஒன்று பின்தொடர்ந்தது. இன்றைய வீட்டுவண்டியின் அடுக்களை அதிலேயே உருப்பெற்றுவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனிக்கூடாரம், எடிசனின் மின்கலத்தால் எரியும் விளக்குகள், இருபதுபேர் சூழ்ந்தமரும் வட்ட மேசை, உணவுத் தட்டுகளை அனைவர்க்கும் சுற்றிக்கொண்டு வரும் சுழல்பலகை அதன் நடுவே. சமைத்தவர் ஜப்பானியர். விறகு வெட்டுவதிலும் ஓட்டப் பந்தயத்திலும் ஃபோர்டு முனைந்து நிற்க, அவருடைய நிறுவனத்தின் படப்பிடிப்பாளர் அவற்றையெல்லாம் படச்சுருளில் பிடித்தனர். அப்படங்கள் திரையரங்குகளில் ஓடின. தம் வண்டியில் தாமும் காடு செல்லலாம் என்ற எண்ணம் பார்த்தவர் நெஞ்சில் பதிந்தது.

இரவில் தீமூட்டி அதனைச் சூழ்ந்திருந்து பேசிய பேச்சுகளே இப்பயணங்களின் உயிர்நாடி. பரோஸ் பறவைகளைப் பற்றிச் சொல்வார். எடிசன் வேதியியல் பேசுவார். எல்லாப் பேச்சும் இனியதன்று. உலகின் தீமைகள் அனைத்துக்கும் யூதர்களே காரணம் என 1919ஆம் ஆண்டு முகாமில் ஃபோர்டு கூறியதைப் பரோஸ் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். அடுத்த ஆண்டே ஃபோர்டின் செய்தித்தாள் அந்நச்சுக் கருத்தை நாடெங்கும் பரப்பத் தொடங்கியது. காட்டின் தூய காற்று மனிதனின் மாசுகளைக் கழுவிவிடும் என்று நம்புவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

மற்றொன்றும் குறிக்கத்தக்கது. ஓடையைக் கண்டால் ஃபோர்டும் எடிசனும் அங்கே நின்றுவிடுவர். நீரின் அழகில் மயங்கியல்ல. அதன் வீழ்ச்சியிலிருந்து எவ்வளவு மின்னாற்றல் எடுக்கலாம் எனக் கணக்கிடவே. 1919இல் அவர்கள் முகாமிட்ட இடங்களுள் ஒன்று ஹட்சன் ஆற்றின் கிரீன் ஐலண்டு. ஃபோர்டு தொழிற்சாலை நிறுவக் குறித்துவைத்திருந்த இடம் அது. சில ஆண்டுகளில் ஆலையும் நீர்மின் நிலையமும் அங்கே எழுந்தன.

1921 மார்ச் 29ஆம் நாள், கலிபோர்னியாவிலிருந்து இல்லம் திரும்பும் வழியில், ஓடும் ரயிலிலேயே பரோஸ் உயிர்நீத்தார். அவர் மறைந்தபின் பயணங்களின் இயல்பு மாறியது. அவ்வாண்டு ஜூலையில் மேரிலாந்து முகாமுக்குக் குடியரசுத் தலைவர் ஹார்டிங் வந்தார். காவலரும் செய்தியாளரும் உடன் வந்தனர். மனைவியரும் இப்போது சேர்ந்துகொண்டனர். நாடோடிகளின் முகாம் திருவிழாக் கூட்டமாயிற்று.

1923 ஆகஸ்டில் அதே ஹார்டிங்கின் இறுதிச்சடங்குக்காக எடிசன், ஃபோர்டு, ஃபயர்ஸ்டோன் மூவரும் ஒகாயோ மாநிலத்தில் கூடினர். வழியில் எடிசன் பிறந்த மைலான் என்னும் சிற்றூருக்கும் சென்றனர். உலகுக்கு ஒளி தந்தவர் பிறந்த வீடு அன்றும் மண்ணெண்ணெய் விளக்கொளியிலேயே இருந்ததாம். அங்கிருந்து வடக்கே, சுப்பீரியர் ஏரியின் தென்கரையான மிச்சிகனின் மேல் தீபகற்பத்துக்குப் பயணமாயினர். இதுவே அவர்கள் சென்ற பயணங்களுள் வடகோடியிலானது. ஆனால் அக்காட்டின் பெரும்பகுதி ஏற்கெனவே ஃபோர்டுக்கு உரியதாகியிருந்தது. வண்டியின் உடற்கூட்டுக்கு மரம் வேண்டி 3 இலட்சம் ஏக்கருக்கு மேல் அங்கே வாங்கி, அயர்ன் மவுண்டனில் மரமறுக்கும் ஆலையும் நிறுவியிருந்தார். நண்பர்கள் கண்டது காட்டையா, கிடங்கையா என்பதே ஐயத்துக்குரியது. ஆலையில் எஞ்சிய மரத்துண்டுகளும் தூளும் கரிக்கட்டிகளாக்கப்பட்டு ஃபோர்டு பெயரிலேயே விற்பனைக்கு வந்தன. பிற்காலத்தில் கிங்ஸ்ஃபோர்டு எனப் பெயர் மாறிய அக்கரியில்தான் அமெரிக்க முகாம்களில் இன்றும் இறைச்சி சுடுகின்றனர்.

அப்பயணத்தின்போது ஃபயர்ஸ்டோனின் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது காடன்று, ரப்பர். இவ்விடத்தில்தான் மிச்சிகன் காட்டுப் பாதை மலாயாவின் தோட்டப்புறத்தோடு வந்து கூடுகிறது.

நாடோடிகளின் வண்டிகள் எந்தக் கரட்டுப் பாதையில் உருண்டாலும் டயர் இன்றி உருளா. டயருக்கு வேண்டிய ரப்பரில் மிகப்பெரும் பங்கு மலாயா, இலங்கை ஆகிய பிரித்தானியக் குடியேற்ற நாடுகளிலிருந்தே சென்றது. அதனை எடுத்துக் கொடுத்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து, பெரும்பாலும் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து, கப்பலேறி வந்தவர்கள். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்ட பின்னரும் கங்காணிமுறை அவர்களைத் திரட்டிக் கொணர்ந்தது. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாய்ப் பால்மரக் காட்டுக்குள் புகுந்து, மரந்தோறும் வெட்டி, மங்கில் சொட்டிய பாலைச் சேர்த்தவர்களின் காட்டு வாழ்வு ஓய்வுக்காக அமைந்ததன்று. நால்வரின் காட்டுலா குறித்து எழுதப்பட்டவை ஏராளம். அவ்வுலாவின் சக்கரத்துக்குப் பால் எடுத்தோர் அவற்றுள் இடம்பெறவில்லை.

முதலாம் உலகப் போருக்குப் பின் ரப்பர் விலை வீழ்ந்தது. தோட்ட உரிமையாளரைக் காக்க 1922 நவம்பர் முதல் நாள் தொடங்கி ஸ்டீவன்சன் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதி செய்யக்கூடிய ரப்பரின் அளவை அத்திட்டம் கட்டுப்படுத்தியது. 1921இல் இறாத்தல் 20 அமெரிக்க காசுக்கும் கீழாய்க் கிடந்த விலை 1925இல் ஒரு டாலரைத் தாண்டியது. இலண்டனின் பிடியில் அமெரிக்கச் சக்கரங்கள் சுழல்வதா எனக் கொதித்தெழுந்த ஃபயர்ஸ்டோன், அமெரிக்கர் தமக்கு வேண்டிய ரப்பரைத் தாமே பயிரிட வேண்டும் என முழங்கினார். முகாம் நண்பர்கள் இருவரும் அவர் கருத்துக்கு உடன்பட்டனர். காட்டில் ஓய்வு தேடிய நட்பு, இப்போது காடுகளைத் தேடி உலகெங்கும் ஆளனுப்பியது.

1924ஆம் ஆண்டுப் பயணமே இறுதியானது. அவ்வாண்டு வெர்மான்டில் குடியரசுத் தலைவர் கூலிட்ஜின் பண்ணை வீட்டுக்குச் சென்றனர். மேப்பிள் மரத்தின் பால் சேர்க்கும் பழைய மரவாளி ஒன்றை அவர் ஃபோர்டுக்குப் பரிசளித்தார். செல்லுமிடமெல்லாம் கூட்டம் மொய்த்ததால் பயணத்தின் இன்பம் போய்விட்டது. மறைந்து வாழக் காடு சென்றவர்கள் படமெடுப்போரையும் உடன் அழைத்துச் சென்றால் வேறென்ன நிகழும்?

ஆனால் ரப்பர் தேடல் தொடர்ந்தது. 1926இல் ஃபயர்ஸ்டோன் ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் 10 இலட்சம் ஏக்கர் வரை, ஏக்கருக்கு 6 காசு வாடகையில் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறும் உரிமையை அடைந்தார். ஃபோர்டு 1927இல் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றங்கரையில் ஏறத்தாழ 25 இலட்சம் ஏக்கர் பெற்று ஃபோர்டுலாந்தியா என்னும் நகரையே எழுப்பினார். ரப்பர் மரத்தின் தாயகமே அது. ஆயினும், காட்டில் விலகி விலகி நிற்கும் மரத்தை மலாயாவைப் போல் நெருக்கமாய் நட்டதும் இலைக்கருகல் நோய் தோட்டத்தை அழித்தது. மலாயாவுக்கு அந்நோய் வந்து சேராததே இங்குள்ள தோட்டங்களின் நற்பேறு. 1930இல் உணவுக்கூடத்தில் வெடித்த தொழிலாளர் கலகம் நகரைச் சூறையாடியது. 1945இல் அனைத்தையும் சிறுதொகைக்குப் பிரேசில் அரசிடமே விட்டுவிட்டது ஃபோர்டு நிறுவனம். காடுலாவில் பெயர்பெற்ற ஃபோர்டு தம் சொந்தக் காட்டை ஒருமுறையேனும் சென்று கண்டாரில்லை.

எடிசனோ எண்பதாம் வயதில் புளோரிடாவில் ஆய்வுக்கூடம் அமைத்து 17,000க்கு மேற்பட்ட செடி மாதிரிகளை ஆராய்ந்தார். நண்பர் இருவரும் பொருளுதவி செய்தனர். வேலியோரம் வளரும் கோல்டன்ராடு என்னும் மஞ்சட் பூச்செடியில் ரப்பர் இருப்பதைக் கண்டார். ஆனால் அது மலாயா ரப்பருக்கு ஈடாகவில்லை. 1931 அக்டோபரில் அவர் மறைந்தார். பால்தரும் மரமென ஃபயர்ஸ்டோன் அவருக்குத் தந்த இந்திய ஆலமரக் கன்று ஒன்று இன்று அவருடைய புளோரிடாத் தோட்டத்தில் விழுதூன்றி ஏக்கர் அளவில் படர்ந்து நிற்கிறது.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவின் ரப்பர் ஜப்பானியர் கைப்பட, அமெரிக்காவில் டயர் பங்கீடு கடுமையாயிற்று. அவ்வாண்டு இறுதியில் நாடெங்கும் பெட்ரோலும் பங்கீட்டுக்கு உட்பட்டது. பெட்ரோலைச் சேமிப்பதற்காக அன்று. டயர் தேயாமல் காப்பதற்காகவே. வண்டிகள் கொட்டகையில் முடங்கின. அதே ஆண்டில்தான் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி, அமெரிக்கப் படைவீரர்கள் சில மாதங்களுக்குள் கனடாவின் வடகாட்டை ஊடறுத்து அலாஸ்கா நெடுஞ்சாலையை அமைத்தனர். 1948இல் அச்சாலை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கூரிய சரளைக்கல் நிறைந்த அப்பாதையில் கூடாரமும் அடுப்புமாய்ப் புறப்பட்ட முதற் பயணிகள், மாற்று டயர்களையும் தவறாமல் ஏற்றிச் சென்றனர்.