பன்னிரண்டு மணி நேர எஸ்கீஸ்

மருத்துவமனை ஒன்றை வடிவமைக்கச் சொன்னால், நம் கட்டடக்கலைக் கல்லூரி மாணவர்கள் முதலில் கேஸ் ஸ்டடிக்குக் கிளம்புவார்கள். இருக்கிற மருத்துவமனைகளைப் பார்த்து, அளந்து, சைட் அனாலிசிஸ் ஷீட் போட்டு ஆசிரியரிடம் காட்டி முடிப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். கட்டடத்துக்கான முதல் கோடு அதற்குப் பிறகுதான். ஆராய்ந்துவிட்டுத்தான் வரைய வேண்டும் என்ற இந்த வரிசை தொன்றுதொட்டு வருவதுபோலத் தோன்றும். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் உலகிலேயே அதிகச் செல்வாக்குப் பெற்றிருந்த கட்டடக்கலைப் பள்ளியான பாரிஸின் எகோல் தெ போஸார், இதை அப்படியே தலைகீழாகச் செய்தது.

அங்கே பெரிய போட்டிகளில் கட்டடத்தின் தேவைகளைச் சொல்லும் தாளை வாங்கிக்கொண்டு மாணவர் ஒரு தடுப்பறைக்குள் தனியாக உட்கார வேண்டும். புத்தகம் கிடையாது, ஆசிரியர் கிடையாது. 12 மணி நேரத்துக்குள் 'எஸ்கீஸ்' எனப்படும் ஆரம்ப வரைவைக் கொடுத்துவிட வேண்டும். அதன் நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, அடுத்த சில வாரங்களோ மாதங்களோ தன் ஆசிரியரின் பட்டறையில் அதை வளர்த்தெடுப்பார். இறுதிப் படம் எஸ்கீஸிலிருந்து அடிப்படையில் விலகினால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். ஆக, தலையாய முடிவு எடுக்கப்பட்ட பிறகுதான் ஆசிரியர் உள்ளே வருகிறார். ஆராய்ச்சிக்கே அங்கு இடமில்லை என்று இதைப் படிப்பது தவறு. 1894 முதல் கோட்பாட்டுப் பேராசிரியராக இருந்த ஜூலியன் குவாதேயின் விரிவுரைகள் சுவர், கூரை, படிக்கட்டு தொடங்கிப் பள்ளி, மருத்துவமனை வரை அலசின. பட்டறையில் மூத்தவர்களின் படங்களுக்கு மை தீட்டிக் கொடுத்தே இளையவர்கள் தொழில் கற்றார்கள். தேடல் முன்கூட்டியே நடந்து மனத்தில் சேர்ந்திருந்தது. தடுப்பறை அதைச் சோதித்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சேமிப்பில் பல நேரம் மனப்பாடமான சமச்சீர்த் திட்டங்களே இருந்தன. எந்தத் தேவை வந்தாலும் அதே அச்சு, அதே முற்றம் என்று எழுந்த குற்றச்சாட்டு நியாயமானதுதான்.

எதிர்வினை பல முனைகளிலிருந்து வந்தது. திட்டமிடும் முன் ஊரை ஆய்வு செய் என்றார் நகரத் திட்டமிடலாளர் பேட்ரிக் கெடஸ். 1915இல் சென்னையில் தன் நகரக் கண்காட்சியை நடத்தி, சென்னை மாகாண ஊர்கள் பற்றி அறிக்கைகளும் எழுதியவர் அவர். 1958இல் நடந்த ஆக்ஸ்ஃபோர்டு மாநாடு, பிரிட்டனில் கட்டடக்கலைக் கல்வியைப் பல்கலைக்கழகத்தின் பக்கமும் ஆராய்ச்சியின் பக்கமும் திருப்பியது. 1964இல் கட்டடக்கலைக் கோட்பாட்டாளர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் தன் நூலில் ஓர் இந்திய கிராமத்துக்கான தேவைகளை 141 எனப் பட்டியலிட்டு, அவற்றைக் குழுக்களாகப் பிரித்து, அங்கிருந்து வடிவத்துக்குப் போக முயன்றார். சில ஆண்டுகளிலேயே இத்தகைய 'வடிவமைப்பு முறை' ஆய்வுகளை அவரே கைகழுவினார் என்பதைப் பாடத்திட்டம் எழுதுபவர்கள் ஏனோ அதிகம் கவனிப்பதில்லை.

1970களின் ஆய்வுகளும் அவர் விலகியதற்குப் பக்கபலமாகவே அமைந்தன. ஜேன் டார்க், பொது வீட்டுவசதித் திட்டங்களை வடிவமைத்த பிரிட்டன் கட்டடக்கலைஞர்களைப் பேட்டி கண்டார். தொடக்கத்திலேயே ஓர் எளிய எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாகவே அவர்கள் பிரச்சினையைப் புரிந்துகொண்டது தெரிந்தது. பிரையன் லாசன், வண்ணக் கட்டைகளை அடுக்கும் புதிர் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். புதிருக்குள் ஒரு விதி ஒளிந்திருந்தது. அறிவியல் முதுநிலை மாணவர்கள் அந்த விதியைக் கண்டுபிடிக்க முனைந்தார்கள். கட்டடக்கலை இறுதியாண்டு மாணவர்களோ நல்ல அடுக்கு ஒன்றை முன்வைத்து, அது செல்லாதென்றால் அடுத்ததற்குப் போனார்கள். முதலாண்டு மாணவர்களிடம் இந்த வேறுபாடு தெளிவாக இல்லை. அப்படியானால் இது படிப்பினால் வந்த பழக்கம் என்றுதான் கொள்ள வேண்டும்.

கட்டையும் மருத்துவமனையும் ஒன்றா என்று கேட்கலாம். இல்லைதான், சோதனைக்கூடப் புதிரில் நோயாளி இல்லை, நகராட்சி விதி இல்லை. அவசரமாகப் போட்ட முதல் வரைவு மனத்தைக் கட்டிப்போட்டுவிடும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆனால் பாரிஸ் வரலாற்றை உற்றுப் பார்த்தால், கேடு விளைவித்தது சீக்கிரம் வரைந்தது அல்ல, வரைந்ததை மாற்றக் கூடாது என்ற விதி. கையில் ஓர் ஊகம் இல்லாமல் கேஸ் ஸ்டடிக்குப் போகிறவர் நடைவழியின் அகலத்தைக் குறித்துக்கொண்டு வருவார். நடைவழியே வேண்டாமென்று ஒரு கோடு போட்டுவிட்டுப் போகிறவர், அங்கே ஸ்ட்ரெச்சர் திரும்ப முடியாமல் நிற்பதைப் பார்த்துத் தன் கோட்டை அழிப்பார். ஆகவே ஆசிரியர்கள் எஸ்கீஸை முதல் வாரத்திலேயே வாங்கட்டும். பிறகு அதையே மாணவர் கையில் கொடுத்துக் களத்துக்கு அனுப்பட்டும். ஜூரியில் மதிப்பெண் போடும்போது, அந்த முதல் வரைவில் எவ்வளவு அடிபட்டு மாறியிருக்கிறது என்பதையும் கேட்கட்டும்.