ஒலிபெருக்கியில் வந்த செய்தி

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். "செல்போன் வச்சிருக்கிறவனெல்லாம் நிருபர் ஆயிட்டா, நிருபர் எங்கேய்யா போவான்?" நீங்க எல்லாம் கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன். (சிரிப்பு)

ஆனா கேட்ட இடம் சரியில்லை. நாம நிக்கிறது ஆரோவில். வடக்கே போனால் மரக்காணம் உப்பளம். தெற்கே போனால் புதுச்சேரி. அதையும் தாண்டினால் நல்லவாடு என்கிற மீனவர் கிராமம். அங்கே போய் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்!

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. என்ன பெரிய மையம்? ஒரு கம்ப்யூட்டர், ஒரு தொலைபேசி, ஊர்ப்பிள்ளைகள் சில பேர். வில்லியனூர்தான் நடுவிடம். அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிடுகிற அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழாக்கி, குப்பங்களுக்கு அனுப்புவார்கள். அங்கே ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். அமெரிக்காக்காரன் போர்க்கப்பலுக்குப் போட்ட கணக்கு, நம்ம வீராம்பட்டினத்துக் கட்டுமரத்துக்கு வழி சொல்லுச்சு! 'இன்னைக்குக் கடலுக்குப் போகலாமா?' என்று அவனுக்காக எந்தப் பத்திரிகை எழுதியது? அப்புறம் 'நம்ம ஊரு செய்தி' என்று சொந்தமாகவே ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நல்லவாட்டு இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். ஊரில் இருந்தபோது அந்த மையத்தில் தொண்டு செய்தவர். சுமத்ரா பக்கம் பூகம்பம், கடல் பொங்குது என்று டி.வி.யில் பார்க்கிறார். உடனே வீட்டுக்குப் போன். "ஊரைக் காலி பண்ணுங்க!" அந்தச் சேதி மையத்துக்கு ஓடுகிறது. ஒலிபெருக்கி அலறுகிறது. 3,000 பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் ஐயா அது. ஓடினார்கள், பிழைத்தார்கள். (கைதட்டல்) ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007-இல்தான்.

எதிரணியில் பேசிய தங்கை 2018-ஐச் சொன்னார். மறுக்க முடியாது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு புரளி. கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பத்தைப் போளூர் பக்கம் அத்திமூரில் ஊரே சேர்ந்து அடித்தது. குழந்தைக்குச் சாக்லெட் கொடுத்த ஒரு வயதான அம்மா செத்தே போனார். அதுவும் செல்போன் செய்திதானே? ஆமாம்மா, அதுவும்தான்.

ஆனால் நல்லவாட்டுக்குச் சேதி சொன்னது யார்? ஊருக்கே தெரியும், இன்னார் வீட்டுப் பிள்ளை. பொய் என்றால் நாளைக்கு அதே தெருவில்தான் அவர் நடக்கணும். அத்திமூர்ச் செய்திக்கு ஊரும் கிடையாது, பேரும் கிடையாது. பத்திரிகைக்காரர்கள் இந்தப் பேருக்குக் கொடுத்த விலை கொஞ்சமா? பாரதியின் 'இந்தியா' சென்னையில் நடந்தபோது, ஆசிரியர் என்று பதிவாகியிருந்தவர் சீனிவாசன். 1908-இல் வெள்ளைக்காரன் பிடித்துச் சிறையில் போட்டது அவரைத்தான். பாரதி புதுச்சேரிக்கு வந்தார். பத்திரிகையும் பின்னாலேயே வந்தது. பிரெஞ்சு மண்ணில் அச்சானதைத் தங்கள் எல்லைக்குள் நுழையவிடாமல் தடுத்தார்கள். 1910 மார்ச்சில் நின்னே போச்சு.

அதே புதுச்சேரியில் 2012 அக்டோபரில் ஒரு சிறுதொழில்காரர், அரசியல் பிரமுகர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதினார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் அப்போது இருபது பேர்கூட இல்லை. (சிரிப்பு) போலீஸ் வந்துவிட்டது! தகவல் தொழில்நுட்பச் சட்டம், 66ஏ பிரிவு. கைதான பிறகு நாடே படித்தது. 2015 மார்ச் 24-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவே செல்லாது என்று சொல்லிவிட்டது. 'இந்தியா'வைத் தடுக்க ஒரு எல்லை இருந்தது, தடுத்தாங்க. இந்த வரியை எந்தச் சோதனைச் சாவடியில் நிறுத்துவது?

நடுவர் மணியைத் தொடுகிறார். எதிரணிக்கு ஒரே கேள்வி. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்லவாட்டு ஜனங்கள் திங்கட்கிழமை பேப்பருக்காகக் காத்திருக்கணுமா? அடுத்து வருகிறவரைப் பதில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கச் சொல்லுங்கள்.