முயல்களின் மணவிழா

குழந்தைகளுக்கான கதை நூல் என்றவுடன் கற்றோர் பலர் இளநகை புரிகின்றனர். காக்கை பேசும், நரி நடிக்கும், ஆமை அறிவுரை கூறும். இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கின்றனர். ஆதிக்க பீடத்தில் அமர்ந்தோர் ஒருநாளும் அப்படி எண்ணியதில்லை. சண்டையிட மறுத்து, மரத்தடியில் அமர்ந்து மலரை முகர்ந்து கொண்டிருக்கும் காளையைப் பற்றி 1936இல் மன்ரோ லீஃப் எழுதிய 'ஃபெர்டினாண்ட்' என்னும் சின்னஞ்சிறு நூலை, ஸ்பெயின் நாட்டின் பிராங்கோ ஆட்சி தடை செய்தது. படையும் பீரங்கியும் படைத்த ஆட்சி, படம் போட்ட பிள்ளைக் கதைக்கு அஞ்சியது! 1959இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இதனினும் வியப்பான நிகழ்ச்சி நடந்தது. நட்புக் கொண்ட இரண்டு முயல்கள் மணம் புரிந்துகொண்ட கதை, அம்மாநிலச் சட்டமன்றத்தார் சிலரைக் கொதித்தெழச் செய்தது. முயல்கள் செய்த குற்றம் யாது? ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளை.

இந்த வரலாற்றை விரித்துரைக்குமுன், நம் வீட்டுத் திண்ணையில் நெடுநாளாக இடம் பிடித்திருக்கும் விலங்குக் கதைகளைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். அலபாமாவில் எழுந்த வழக்கின் வேர் அங்கேயும் ஓடுகிறது.

பஞ்சதந்திரத்தை அறியாத தமிழர் இலர். வடமொழியில் தோன்றிய அந்நூல், விஷ்ணுசர்மன் என்னும் பார்ப்பனப் புலவர் மந்த மதி படைத்த அரசகுமாரர் மூவருக்கு ஆட்சித் தந்திரம் கற்பிப்பதாக அமைந்தது. ஆறாம் நூற்றாண்டில், பாரசீகப் பேரரசர் முதலாம் குஸ்ரோவின் காலத்தில், பர்சோய் என்னும் மருத்துவர் அதைத் தம் நாட்டு மொழியில் பெயர்த்தார். எட்டாம் நூற்றாண்டில் இபின் அல் முகஃபா அதை அரபியில் 'கலீலா வ திம்னா' என்று ஆக்கினார். அவ்வழியே அக்கதைகள் ஐரோப்பிய மொழிகளுக்கும் சென்றன. எல்லை கடந்தால் தீட்டு என்று மனிதனைத் தடுத்தவர்களின் கதைப் புத்தகம், எந்தத் தீட்டும் இன்றி எத்தனையோ எல்லைகளைக் கடந்துவிட்டது! 1826இல் சென்னையில் தாண்டவராய முதலியார் மராட்டியிலிருந்து அதைத் தமிழ் உரைநடையில் தந்தார். அரசகுமாரர்க்கு எழுதிய நூல், இப்படித்தான் ஆண்டியின் மகனுக்கும் வந்து சேர்ந்தது.

அரண்மனையிலிருந்து வந்த நூல் அரண்மனையின் கருத்தையும் சுமந்து வருமல்லவா? இதோ ஒரு கதை. முனிவர் ஒருவர் பெண் எலியொன்றைப் பெண் குழந்தையாக்கி வளர்க்கிறார். அவளுக்கு மணப்பருவம் வருகிறது. கதிரவனை அழைக்கிறார், வேண்டாம் என்கிறாள். முகிலை, காற்றை, மலையை அழைக்கிறார். எவரும் வேண்டாம் என்கிறாள். கடைசியில் எலியைக் கண்டதும் முகம் மலர்கிறாள். முனிவர் அவளை மீண்டும் எலியாக்கி மணம் முடிக்கிறார். பிறவிக் குணம் போகாது, இனம் இனத்தோடுதான் சேரும் என்பது கதையின் முடிவு. வருண தருமத்தை ஏட்டில் எழுதி வாதாடினால் எதிர்வாதம் கிளம்பும். எலியின் வாலில் கட்டி அனுப்பினால் எவர் எதிர்ப்பார்? பிள்ளை சிரித்துக்கொண்டே விழுங்கிவிடுகிறது.

மற்றொரு கதை சாயத் தொட்டியில் விழுந்த நரியைப் பற்றியது. நீல நிறம் பெற்ற நரியைக் கண்டு சிங்கமும் புலியும் அஞ்சி, அதை அரசனாக ஏற்கின்றன. ஒரு நாள் தொலைவில் நரிகள் ஊளையிட, இதுவும் தன்னை மறந்து ஊளையிட, உண்மை வெளிப்பட்டு உயிரிழக்கிறது. நரி நாட்டை எப்படி ஆண்டது, நீதி வழங்கியதா, குடிகளைக் காத்ததா என்ற கேள்வியே கதையில் இல்லை. நரியாய்ப் பிறந்தது அரியணையில் அமர்ந்தது. அது போதும் கொலைத் தண்டனைக்கு! தன் இனத்தைத் துரத்தியடித்ததனால் நரி கெட்டது என்று சொல்வாரும் உண்டு. அதுவும் உண்மையே. அந்தப் பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் நமக்கு வழக்கில்லை. ஆனால் பிள்ளையின் நெஞ்சில் எந்தப் பாடம் தங்குகிறது என்பதை, கதை சொல்பவர் வாயன்றோ முடிவு செய்கிறது?

நடுநிலை பிறழாமல் மறுபக்கத்தையும் கூறுவோம். அதே பஞ்சதந்திரத்தின் இரண்டாம் பகுதி நட்பின் பெருமை பேசுவது. வலையில் சிக்கிய புறாக்களை எலி விடுவிப்பதைக் கண்ட காக்கை, அந்த எலியின் நட்பை நாடுகிறது. எலி வளைக்குள் இருந்தபடியே மறுக்கிறது: நீ தின்பவன், நான் உனக்குத் தீனி, நமக்குள் நட்பு எப்படிப் பொருந்தும் என்கிறது. காக்கை விடவில்லை. பேச்சு நீளுகிறது, அச்சம் அகலுகிறது, நட்பு மலருகிறது. பின்னர் ஆமையும் மானும் வந்து சேர்கின்றன. மான் வலையிற் பட்டபோது எலி வலையை அறுக்கிறது; ஆமை பிடிபட்டபோது மற்றவை சூழ்ச்சி செய்து மீட்கின்றன. பறப்பது, ஊர்வது, ஓடுவது, வளையில் வாழ்வது என நான்கும் நான்கு பிறப்பு. எனினும் ஒன்றுக்கு ஒன்று உயிர்த்துணை. ஒரே நூலுக்குள் இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று பிறப்பே எல்லை என்கிறது. மற்றது பழக்கமும் பண்பும் அந்த எல்லையை அழிக்கும் என்கிறது. விலங்குக் கதைகளின் வரலாறு இவ்விரு குரல்களின் போர் வரலாறு என்றே நாம் கருதுகிறோம்.

அந்தப் போர் திறந்த வெளியில் நிகழ்ந்த களம்தான் அலபாமா.

கார்த் வில்லியம்ஸ் என்பவர் அமெரிக்கப் பிள்ளை நூல்களுக்குப் படம் தீட்டிப் புகழ் பெற்ற ஓவியர். 1952இல் வெளிவந்த, பன்றிக்குட்டிக்கும் சிலந்திக்கும் இடையே மலர்ந்த நட்பைக் கூறும் 'சார்லட்டின் வலை' என்னும் நூலின் படங்கள் அவர் வரைந்தவையே. 1958இல் அவர் தாமே எழுதி, தாமே வரைந்து வெளியிட்ட நூல் 'முயல்களின் திருமணம்'. காட்டில் இரண்டு முயல்கள் நாள் முழுதும் ஓடியாடி விளையாடுகின்றன. கறுப்பு முயல் இடையிடையே விளையாட்டை நிறுத்திச் சோர்ந்து அமர்கிறது. என்ன சிந்தனை என்று வெண்முயல் வினவ, என்றென்றும் உன்னோடு வாழ விரும்புகிறேன் என்கிறது. வெண்முயல் இசைகிறது. இரண்டும் டேன்டிலியான் என்னும் மஞ்சள் மலரைக் காதில் சூடிக்கொள்கின்றன. காட்டு முயல்களெல்லாம் கூடி வந்து நிலவொளியில் வட்டமிட்டு ஆடுகின்றன. மணம் முடிகிறது. அதன்பின் கறுப்பு முயல் வருந்தியதே இல்லை. கதை அவ்வளவுதான்.

இதற்கா கலகம் என்று கேட்பீர்கள். அன்றைய அலபாமாவை நினைவில் கொள்ள வேண்டும். பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்திருந்தது. 1955 டிசம்பரில் தொடங்கி ஓராண்டுக்கு மேல், மாநிலத் தலைநகரான மாண்ட்கமரியில் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்து வெற்றி கண்டிருந்தனர். வெள்ளை ஆதிக்கம் ஆட்டங்கண்டிருந்த நேரம் அது. கறுப்பரும் வெள்ளையரும் மணந்துகொள்வதை மாநிலச் சட்டம் குற்றமென்று வைத்திருந்தது. நிறப் பிரிவினையைக் காக்கவென்றே கிளம்பிய 'வெள்ளைக் குடிமக்கள் மன்றம்' சார்ந்த ஏடொன்று, முயல் கதை நிறக்கலப்பைப் பரப்புகிறது என்று முழங்கியது. மாநில மேலவை உறுப்பினர் ஈ. ஓ. எடின்ஸ், அந்நூலை நூலகங்களிலிருந்து அகற்றிக் கொளுத்த வேண்டும் என்றார். முயலின் உரோமத்தில் அவர் மனிதச் சாதியைக் கண்டார்!

அம்மாநிலப் பொது நூலகப் பணித்துறையின் இயக்குநராக இருந்தவர் எமிலி வீலாக் ரீட் என்னும் பெண்மணி. நூலை நீக்குமாறு அவரை நெருக்கினர். அவர் நூலைப் படித்துப் பார்த்தார், ஆட்சேபத்துக்குரியது ஒன்றும் இல்லை என்றார், நீக்க மறுத்தார். ஆனால் பொது அடுக்கிலிருந்து எடுத்துத் தனி அடுக்கில் வைத்து, கேட்கும் நூலகங்களுக்கு மட்டும் வழங்கச் செய்தார். முழு வெற்றி என்று இதைச் சொல்ல மாட்டோம்; ஒளித்து வைப்பதும் ஒருவகைத் தண்டனையே. என்றாலும், துறையின் நிதியில் கை வைப்போம் என்ற மிரட்டலுக்கிடையே, கொளுத்து என்ற கூச்சலுக்கிடையே, ஒரு தனிப் பெண் நின்ற நிலை அது. நூலக இயக்குநர் அலபாமாவிலேயே பிறந்தவராக இருக்க வேண்டும் என்று சட்டம் செய்யவும் முயன்றனர். ரீட் வேறு மாநிலத்தில் பிறந்தவர். முயலுக்கு நிறம் பார்த்தவர்கள் நூலகருக்குப் பிறப்பிடம் பார்த்தனர். ஆதிக்கத்துக்கு எங்கும் ஒரே அளவுகோல்தான்! 1960இல் ரீட் அம்மாநிலத்தை விட்டு வாஷிங்டன் சென்றார்.

ஓவியர் சொன்ன விளக்கம் எளியது. பழஞ்சீன ஓவியங்களில் கருங்குதிரையும் வெண்குதிரையும் அருகருகே நிற்கும் அழகைக் கண்டு, அப்படியே முயல்களைத் தீட்டினேன் என்றார். வெண்ணிற உரோமம் கொண்ட விலங்குகள் வெள்ளை மனிதருக்கு உறவினர் என்பது தமக்குத் தெரியாது என்று கிண்டலும் செய்தார். அவர் அரசியல் பேசவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஆதிக்கக்காரர் அஞ்சியது வீணன்று. கறுப்பும் வெள்ளையும் கைகோத்து நிற்பது இயல்பு என்று ஐந்து வயதில் கண்ட கண்ணுக்கு, இருபத்தைந்து வயதில் அது இழிவு என்று எவர் கற்பிக்க முடியும்?

1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கலப்பு மணத் தடைகள் அனைத்தும் செல்லா என்றது. அந்நாளில் 16 மாநிலங்களில் அத்தகைய சட்டம் உயிரோடிருந்தது. அதே 1967இல் இங்கே, அறிஞர் அண்ணா தலைமையில் அமைந்த அரசு, புரோகிதரின்றி நடக்கும் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கும் சட்டத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. வில்லியம்சின் முயல்களை மீண்டும் எண்ணிப் பாருங்கள். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, சாதகம் இல்லை. இருவரின் இசைவு, ஒரு மலர், நண்பர் கூட்டம். அது சுயமரியாதைத் திருமணமேயன்றி வேறென்ன?

எனினும் சட்டம் மாறிய வேகத்தில் மனம் மாறுவதில்லை. கலப்பு மணத்தைத் தடுக்கும் செத்த சொற்களை அலபாமா தன் அரசமைப்பு ஏட்டிலிருந்து 2000ஆம் ஆண்டில்தான் வாக்கெடுத்து நீக்கியது. அப்போதும் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் நீக்க வேண்டாம் என்று வாக்களித்தனர். செத்த சட்டத்துக்கு இத்தனை பேர் காவல் நின்றனர் என்றால், அவர்கள் பிள்ளைப் பருவத்தில் கேட்டவை எந்தக் கதைகளாக இருந்திருக்கும்?

அயல்நாட்டைப் பழித்து நாம் அகமகிழ இடமில்லை. 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சார்ந்த மாணவர் ஒருவரை, உடன் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுக்கச் சென்ற தங்கையும் வெட்டுப்பட்டார். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யுமாறு பரிந்துரைத்தது. அங்கே முயலின் உரோமத்தில் நிறம் பார்த்தார்கள். இங்கே பிள்ளையின் மணிக்கட்டில் நிறம் கட்டுகிறார்கள். கயிற்றை ஆணை அவிழ்க்கும். நெஞ்சிலே கட்டிய கயிற்றை எதனால் அவிழ்ப்பது?

கயிறு கட்டும் கை வந்து சேருமுன், கதை சொல்லும் வாய் அந்தப் பிள்ளையிடம் சென்று சேர வேண்டும். வகுப்பறையில் நிற்கும் நம் போன்றோர் செய்யக்கூடிய பணி இது. பழைய நூல்களை எரிக்கவோ ஒளிக்கவோ நாம் சொல்லவில்லை. அது எடின்சின் வழி. எலிப்பெண் கதையையும் படிக்கட்டும். படித்தபின் பிள்ளைகளைக் கேட்போம்: அந்தப் பெண்ணை அவளாக எண்ணிப் பார்க்க விட்டார்களா? நரி நல்லாட்சி தந்திருந்தால் கொல்லலாமா? தின்பவனுக்கும் தீனிக்கும் நட்பு வாய்க்கும்போது, ஒரே சோறு உண்ணும் மனிதருக்கு ஏன் வாய்க்காது? விடையை நாம் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் சொல்வார்கள், நமக்கு முன்னதாகவே சொல்வார்கள்.

இளைஞர்களே! நம் படிப்பகங்களில் பெரியோர்க்கான ஏடுகள் நிரம்ப உண்டு. பிள்ளைகளுக்கென்று ஓர் அடுக்கு உண்டா என்று பாருங்கள். இல்லையெனில் இந்த வாரமே ஒன்றை அமையுங்கள். வலையறுத்த எலியும், காத்து நின்ற காக்கையும், மலர் சூடிய முயல்களும் அதில் இடம்பெறட்டும். அவற்றைத் தனி அடுக்கில் ஒளிக்காமல், சின்னக் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள்.