சேவகனும் சாமுராயும்: பாராமகால் போர்க்குடிகளை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சாமுராய், சேவகன் ஆகிய இரு சொற்களும் பணிசெய்பவன் என்னும் பொருளில் தோன்றிப் போர்வீரனைக் குறிக்கலாயின. பின்னர் முதற்சொல் உயர்குடிப் பெயராக நிலைபெற்றது. இரண்டாவது கச்சேரி வாயிலில் நிற்கும் ஏவலரின் பெயராயிற்று. இவ்வேறுபாட்டுக்குப் போர்வீரனுக்கும் நிலத்துக்கும் இருந்த உறவே காரணம் என்பதை இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டப் பகுதியை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நடுகல், சேவகன், நெய்த்தோர்பட்டி, பாராமகால், பாளையம், சாமுராய், நிலமானியம்.

முன்னுரை

சாமுராய்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் புறத்திணை மறத்தையே ஒப்புக்கு எடுத்துக்கொள்கின்றனர். வடக்கிருத்தலும் செப்புக்குவும் அருகருகே வைக்கப்படுகின்றன. மானம் என்னும் சொல்லோடு ஒப்பீடு நின்றுவிடுகிறது. வீரத்தை அளக்கும் இம்முறை, வீரனுக்குச் சோறிட்டது யார் என்று கேட்பதில்லை. சமூக வரலாற்றுக்குப் பயன்படுவது அக்கேள்வியே.

‘சாமுராய்’ என்பது உடனிருந்து பணிசெய்தலைக் குறிக்கும் ‘சபுராவு’ என்னும் பழைய ஜப்பானிய வினையின் வழிவந்தது. வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த ‘சேவகன்’ என்பதன் அடிப்பொருளும் அதுவே. தமிழ்ப் பேரகராதி ‘சேவகம்’ என்பதற்கு ஊழியம், வீரம் என இரு பொருளையும் தருகிறது. இவ்விரண்டாம் பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு நடுகற்களில் விடை உண்டு.

நடுகல் காட்டும் சேவகன்

தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ தொகுதியும், அதனைத் தொடர்ந்து வந்த தருமபுரிக் கல்வெட்டுத் தொகுதியும் இப்பகுதிப் போர்க்குடி வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகள். கிருஷ்ணகிரி 2004இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று என்பதால் பழைய தொகுதிகளைத் தருமபுரி என்னும் பெயரிலேயே தேடவேண்டும். சிம்மவிஷ்ணு, முதலாம் மகேந்திரவர்மன் காலம் முதலாகத் தொடரும் இக்கற்களின் வாய்பாடு எளிது. பல்லவ மன்னனின் ஆட்சியாண்டு முதலில் வரும்; அடுத்து வட்டாரத் தலைவன் பெயரும், அவனுடைய சேவகன் அல்லது இளமகன் இன்னான் என்பதும் வரும்; தொறு கவர்ந்தபோதோ மீட்டபோதோ அவன் பட்டான் என்பதோடு வாசகம் முடியும்.

இவ்வாய்பாட்டில் மன்னன் காலக்கணக்குக்கு மட்டுமே பயன்படுகிறான். போர் நடப்பது ஊரெல்லையில். போருக்குக் காரணம் மாட்டு மந்தை. சேவகன் தன் தலைவனுக்கு அணுக்கமானவன். ஆயினும் ஊரைவிட்டு விலகியவன் அல்லன். எருமை மந்தையைக் காத்து இறந்தவனுக்கும், கள்வரைக் கடித்த நாய்க்கும் கல் நட்ட மரபு இது. (அந்நாயின் பெயர் கோவிவன் என்பதை எடுத்தனூர்க் கல் பதிவு செய்திருக்கிறது. ஏராளமான சாமுராய்களுக்கு இப்பேறு வாய்க்கவில்லை.)

இறந்த வீரனின் குடிக்கு அளிக்கப்பட்ட நிலம் நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி எனப்பட்டது. நெய்த்தோர் என்பது குருதி. கன்னடக் கல்வெட்டுகளில் இதே கொடை ‘நெத்தரு கொடகெ’ என்று வழங்குகிறது. கங்கர், நுளம்பர், போசளர் எனப் பல ஆட்சிகள் மாறிய ஓசூர் எல்லைப் பகுதியில் இரு மொழிக் கற்களும் கிடைப்பது இயல்பே. மொழி மாறினும் வழக்கம் மாறவில்லை: சேவகத்துக்குக் கைம்மாறு நிலம், அதனைப் பெறுவது உழவை அறிந்த குடி.

நெல்லும் வாளும்

ஜப்பானிலும் தொடக்கநிலை இதற்கு நெடுந்தொலைவில் இல்லை. காமகுரா ஆட்சிக்காலப் போர்வீரர் தம் ஊர்களில் வாழ்ந்து நிலவருவாயைக் கண்காணித்தவர்களே. திருப்பம் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் நேர்ந்தது. தொயொதொமி ஹிதெயொஷி 1588இல் உழவரிடமிருந்து வாள்களைப் பறித்தார். 1591 ஆணையால் போர்வீரர் உழவராகவோ வணிகராகவோ மாறுவதைத் தடுத்தார். 1603இல் தொடங்கிய தொகுகாவா ஆட்சியில் சாமுராய்களுள் பெரும்பாலோர் கோட்டை நகரங்களில் குடியேறினர். அவர்களது ஊதியம் ‘கொகு’ என்னும் அரிசி அளவால் கணக்கிடப்பட்டது. ஒரு கொகு ஏறத்தாழ 180 லிட்டர். சட்சுமா, தொசா போன்ற பகுதிகளில் நாட்டுப்புறச் சாமுராய்கள் எஞ்சியிருந்தனர் என்பது உண்மை. எனினும் பொதுப்போக்கு நிலத்திலிருந்து விலகுவதாகவே இருந்தது.

நிலத்தை இழந்து சம்பளம் பெற்ற அவ்வீரர், போரற்ற இரு நூற்றாண்டுகளில் எழுத்தரும் அலுவலருமாயினர். தலைவனைத் தொடர்ந்து உயிர்விடும் வழக்கத்தையே அரசு 1663இல் தடைசெய்துவிட்டது. இன்று உலகறிந்த சாமுராய் அறநெறி பெரும்பாலும் இவ்வமைதிக் காலத்தில் எழுத்தில் வடிவம் பெற்றது; நிதொபெ இனாசொவின் ‘புஷிதோ’ 1900இல் ஆங்கிலத்தில்தான் வெளிவந்தது. மெய்ஜி அரசு 1876இல் வாளேந்துவதைத் தடைசெய்து ஊதியங்களைக் கடன்பத்திரங்களாக மாற்றியபோது பலர் வறுமையுற்றனர். 1877இல் சட்சுமாவில் கிளர்ச்சியும் வெடித்தது. ஆயினும் புதிய அரசின் காவலர், ஆசிரியர், அலுவலர் பதவிகளில் அவர்களே மிகுதியாக அமர்ந்தனர். தம் வரலாற்றைத் தாமே எழுதும் வாய்ப்பும் அவர்களுக்கு இருந்தது.

பாளையமும் கட்டுபடியும்

பாராமகாலில் இத்தகைய பிரிவினை நிகழவேயில்லை. பெனுகொண்டாவைக் காத்தமைக்காக விசயநகர அரசு செகதேவராயருக்கு இப்பகுதியை வழங்கியது என்பர். அதன்பின் பாகலூர், பேரிகை, சூளகிரி முதலிய பாளையங்கள் ஓசூர்ப் பகுதியில் நிலைபெற்றன. பாளையக்காரருக்குக் கீழே கட்டுபடிச் சேவகர், காவல்காரர் எனப் படிநிலை அமைந்தது. குறைந்த தீர்வைக்கு நிலம் பெற்று அதனை உழுது, அழைப்பு வரும்போது ஆயுதமேந்துவோரே கட்டுபடியினர். அரிசியை அளந்து கொடுக்கும் களஞ்சியமோ வீரரை அடைத்து வைக்கும் கோட்டை நகரமோ இங்குத் தேவைப்படவில்லை.

ஐதர் அலியும் திப்பு சுல்தானும் பாளையக்காரர் பலரை ஒடுக்கி வருவாயை நேரடியாகப் பெற முயன்றனர். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாகத் தாமஸ் மன்றோவும் நில அளவையையும் தீர்வை நிர்ணயத்தையும் மேற்கொண்டனர். ஓசூர்ப் பகுதி 1799இல் சேர்ந்தது. புதிய ஏற்பாட்டில் நிலத்துக்கு உரியவர் தீர்வை செலுத்துபவர்; அவர் ஏந்தும் ஆயுதத்துக்குக் கணக்கில் இடமில்லை. பாளையக்காரர் பேஷ்கஷ் செலுத்தும் நிலவுரிமையாளராகச் சுருங்கினர். அவர்களுக்குக் கீழிருந்த சேவகர் உழவரோடு கலந்தனர். ஏற்கெனவே ஏர் பிடித்தவர்களுக்கு அது கடினமாகவும் இருந்திருக்காது. கடன்பத்திரம் வழங்கவேண்டிய தனி வகுப்பாக அவர்கள் யார் கண்ணுக்கும் படவில்லை. ‘சேவகன்’ என்னும் சொல் மட்டும் டவாலி அணிந்து தாலுகா கச்சேரிக்குள் நுழைந்தது.

நிலமானியம் என்னும் சொல்

விசயநகர நாயக்கமுறையை நிலமானிய அமைப்பாகக் கொள்ளலாமா என்பது நெடுங்கால விவாதம். பர்ட்டன் ஸ்டைன் தென்னிந்திய அரசைக் கூறாக்க அரசாகக் கண்டார். நொபொரு கராஷிமா கல்வெட்டுச் சான்றுகளின் துணையோடு அதனை மறுத்து, நாயக்கரை நிலமானியத் தலைவராக மதிப்பிட்டார். தலைவர்களின் தளத்தில் கராஷிமாவின் முடிபு வலுவானதாகவே தோன்றுகிறது. ஆனால் கட்டுபடிச் சேவகன் வரை இறங்கினால் அச்சொல் தளர்கிறது. உழவர் உழைப்பில் வாழும் போர்வகுப்பு என்பது நிலமானியத்தின் பொதுவரையறை. இங்கோ உழுபவனும் போர்புரிபவனும் பலவிடங்களில் ஒருவனே. தலைவனையும் சேவகனையும் ஒரே சொல்லால் அடக்குவதைவிட, எந்தப் படியில் உழவும் போரும் பிரிந்தன என்று ஊர்வாரியாகக் காண்பதே முறையான ஆய்வாகும்.

அதற்குரிய சான்று வேகமாகக் குறைந்துவருகிறது. ஏரிக்கரையிலும் வயல்வரப்பிலும் நின்ற நடுகற்கள், ஓசூரைச் சுற்றிய நிலங்கள் தொழிற்பேட்டைகளாகவும் மனைப்பிரிவுகளாகவும் மாறும்போது இடம்பெயர்கின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம் போன்ற இடங்களைச் சேரும் கற்கள் சிதைவிலிருந்து தப்பும். எழுத்தும் சிற்பமும் காக்கப்படும். ஆனால் நெய்த்தோர்பட்டி எது என்பதை அறியக் கல்லின் வாசகம் மட்டும் போதாது. அது நின்ற இடமும் தெரியவேண்டும். எனவே கல்லை எடுக்குமுன் புல எண், ஏரி, வாய்க்கால், பக்கத்து நிலங்களின் வழக்குப்பெயர் ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலோடு ஒப்பிட்டுப் பதிவுசெய்வது களஆய்வாளரின் முதற்பணியாக இருக்கவேண்டும். பட்டி, கொடகெ, மானியம் என முடியும் நிலப்பெயர்கள் அப்பதிவில் தனியே குறிக்கப்பட வேண்டியவை.