தேங்காய்ச் சாக்லெட் வில்லை: ரிங்லெட் மலையில் ஒரு சோமாலியத் தழுவல்

தேங்காய்ச் சாக்லெட் வில்லை மூன்று அடுக்குகள் கொண்ட வீட்டுப் பலகாரம். அடியில் ஏலக்காய் மணக்கும் மொறுமொறுப்பான மாவுத்தட்டு, நடுவில் பாகில் கிண்டிய தேங்காய்ப்பூ, மேலே உருக்கி ஊற்றிய சாக்லெட் என அடுக்கி, ஆறியபின் துண்டு போடுவார்கள். நடு அடுக்கு சோமாலியக் கடற்கரையில் ‘கும்பே’ எனப்படும் தேங்காய் இனிப்பைத் தழுவியது. தேங்காய், சீனி, ஏலக்காய் ஆகிய மூன்றே அதன் அடிப்படை. சிலர் பாலும் சேர்ப்பர். மாவுத்தட்டும் சாக்லெட்டும் பிற்காலச் சேர்க்கைகள். ஓவன் தேவைப்படுவதால் இதை கேக் வகையில் சேர்ப்பவர்கள் உண்டு. அந்த வகைப்பாடு பொருந்தாது. வில்லை நன்றாக அமைவதும் கெடுவதும் ஓவனுக்குள் நடப்பதல்ல, பாகுச்சட்டியில் நடப்பது. அப்படிப் பார்த்தால், தீபாவளிக்குத் தேங்காய் மிட்டாய் கிண்டிப் பழகிய மலேசியாவின் கேமரன் மலைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது கற்றுக்கொள்ள வேண்டிய அந்நியப் பண்டமே அல்ல. மலையின் உயரத்தையும் குளிரையும் கணக்கில் எடுத்தால், சமவெளியைவிட ரிங்லெட்டே இதற்கு ஏற்ற இடம்.

தாப்பாவிலிருந்து மேலேறும் மலைச்சாலையில் கேமரன் மலையின் முதல் ஊராக வருவது ரிங்லெட். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1885இல் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரனின் பெயர் இந்த மலைப்பகுதிக்கு நிலைத்தது, 1929இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் ரிங்லெட்டுக்கு அருகில்தான் உருவானது. தேயிலையோடு மலையேறிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் பலகார வழக்கில் முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை ஆகியவற்றுடன் தேங்காய் மிட்டாயும் நின்றது. மலேசியத் தமிழர் கிண்டும் தேங்காய் மிட்டாய், ஊர்நாட்டுத் தேங்காய் பர்பியிலிருந்து சற்று விலகியது. குளிர்ப்பெட்டி இல்லாத அடுக்களையிலும் கெடாத டின்பால் அதற்குள் புகுந்தது. இளஞ்சிவப்பு, பச்சை என நிறமும் ஏறியது. இத்தனைக்கும் தென்னையோ கொக்கோவோ இந்த உயரத்தில் பயன்தரும்படி விளைவதில்லை. இரண்டும் தாழ்நிலத்து வெப்பத்தின் பயிர்கள். பேராக் கரையோரத்து பாகான் டத்தோ போன்ற தென்னை வட்டாரங்களின் காய் மலைக்கு ஏறிவர வேண்டியிருக்கிறது. பொருள் விளையும் இடமும் அதைக் கொண்டு நல்ல பண்டம் செய்யத்தக்க இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

சோமாலியக் கும்பேயும் தமிழர் தேங்காய் மிட்டாயும் எவ்வளவு நெருங்கிய உறவு என்ற கேள்வியில் நிதானம் வேண்டும். உறவைக் காட்டும் சான்றுகள் இருக்கின்றன. ஏலக்காய் மேற்குத் தொடர்ச்சி மலையின் செடி. ஆப்பிரிக்கக் கரைக்கு அது பருவக்காற்றைப் பிடித்துச் சென்ற வணிகத்தின் வழியே போய்ச் சேர்ந்தது. 1331இல் மொகதிசுவுக்கு வந்த இப்னு பதூதா, நெய்யிட்ட சோற்றையும் ஊறவைத்த எலுமிச்சையையும் மாங்காயையும் பச்சை இஞ்சியையும் அங்கே கண்டு எழுதியிருக்கிறார். இந்தியக் கரையின் இலையில் அவற்றில் எதுவும் அந்நியமாக இருந்திராது. உலகத் தென்னைகளின் மரபணுவை ஆராய்ந்து 2011இல் வெளிவந்த ஆய்வு, அவற்றை இந்தியப் பெருங்கடல் கிளை, பசிபிக் கிளை என இரண்டாகப் பிரித்தது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் இரண்டும் கலந்திருப்பதையும் காட்டியது. இவற்றை வைத்து, கும்பே இந்தியாவிலிருந்து போனது என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் அதே ஆய்வு அந்த முடிவுக்குத் தடையும் போடுகிறது. மலாயாவின் தென்னை பசிபிக் கிளையைச் சேர்ந்தது. அந்தக் காயில் கிண்டியும் தோட்டத்து மிட்டாய் மிட்டாயாகவே இருக்கிறது. பிரேசிலின் கொக்காடாவும் பிலிப்பைன்சின் புகாயோவும் தேங்காயையும் சர்க்கரையையும் சேர்த்துக் காய்ச்சுபவைதான். தேங்காயும் கரும்புச் சர்க்கரையும் சந்தித்த இடத்திலெல்லாம் ஏறத்தாழ இதே இனிப்பு பிறந்திருக்கிறது. ஆகவே யார் யாரிடம் வாங்கினார் என்பதைவிட, எல்லாரையும் ஒரே செய்முறைக்குக் கொண்டுவந்த பாகின் இயல்பை அறிவதே பயனுள்ளது.

சீனிப்பாகு கொதிக்கக் கொதிக்க நீர் குறைகிறது; நீர் குறையக் குறையக் கொதிநிலை உயர்கிறது. கடல் மட்டத்தில் 112 முதல் 116 டிகிரி செல்சியசுக்குள் பாகு மென்மையான உருட்டுப் பதத்தை அடையும். அப்போது அதில் ஏறத்தாழ 85 விழுக்காடு சீனி இருக்கும். இன்னும் நான்கைந்து டிகிரி ஏறினால் சீனி 87 விழுக்காடாகி, உருண்டை கெட்டிப்படும். ரிங்லெட்டில் தண்ணீரே 96 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் கொதித்துவிடுகிறது. காற்றழுத்தம் குறைவதால் ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்குவதே காரணம். பாகின் ஒவ்வொரு பதமும் அதே அளவு இறங்கும். அங்கே மென்மையான உருட்டுப் பதம் 108க்கும் 112க்கும் இடையே வந்துவிடும். சமவெளிச் சமையற்குறிப்பை நம்பி 115 வரை காய்ச்சினால், கையில் கிடைப்பது கெட்டி உருட்டுப் பதம். வில்லை வெட்டும்போதே பொடிந்து உதிரும். நான்கு டிகிரி பெரிய வேறுபாடா என்று கேட்கலாம். சோறு வடிக்கவோ குழம்பு வைக்கவோ அது பெரிதல்ல. பாகில் இரண்டு விழுக்காடு நீர்தான் வாயில் கரையும் வில்லைக்கும் பல்லில் நொறுங்கும் வில்லைக்கும் நடுவே நிற்கிறது. இங்கேதான் பழைய கைமுறையின் அருமை தெரிகிறது. விரல்களுக்கிடையே கம்பி இழுத்துப் பார்ப்பதும், குளிர்நீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பதும் வெப்பத்தை அளப்பதில்லை, பாகில் மிஞ்சிய நீரை நேரடியாகச் சோதிக்கின்றன. ரிங்லெட்டிலும் நாகப்பட்டினத்திலும் மொகதிசுவிலும் அந்தச் சோதனை ஒன்றையே சொல்லும். வெப்பமானி வேண்டாம் என்பதல்ல. முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, 100லிருந்து எவ்வளவு குறைகிறதோ அவ்வளவையும் குறிப்பின் எண்ணிலிருந்து கழித்தால் வெப்பமானியும் உண்மை பேசும்.

இருபது சென்டிமீட்டர் சதுரத் தட்டுக்கு 300 கிராம் தேங்காய்ப்பூ, 225 கிராம் சீனி, 100 மில்லி தண்ணீர், ஆறு ஏலக்காயின் பொடி, ஒரு சிட்டிகை உப்பு போதும். தேங்காயின் கறுப்புத் தோல் படாமல் வெள்ளையை மட்டும் துருவ வேண்டும். சீனியும் தண்ணீரும் ஒற்றைக் கம்பிப் பதத்துக்கு வந்ததும் தேங்காய்ப்பூவைப் போட வேண்டும். புதிய தேங்காயில் ஏறத்தாழ பாதி எடை நீர் என்பதால் பாகு உடனே இளகிவிடும். பதம் தவறிவிட்டது என்று பதற வேண்டாம். மிதமான தீயில் கைவிடாமல் கிண்டினால் நீர் மறுபடி வற்றும். கலவை குவாலிச் சட்டியின் ஓரத்தை விட்டு ஒரே திரளாக நகர்ந்து, ஒரு சிட்டிகை எடுத்து உருட்டினால் விரலில் ஒட்டாமல் திரண்டால் இறக்கிவிடலாம். ஏலப்பொடியை இறக்கும்போதுதான் தூவ வேண்டும்; நெடுநேரம் கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும். கடையில் விற்கும் உலர்ந்த தேங்காய்த் துருவலில் நீர் மூன்று விழுக்காடு அளவே உண்டு. அதைப் பயன்படுத்துவோர் எடையைப் பாதியாகக் குறைத்து, தேங்காய்ப்பாலில் ஊறவைத்துச் சேர்க்க வேண்டும். டின்பால் சேர்த்தால் கும்பேயின் தூய்மை கெடும் என்பாருக்கு ஒரு விடை உண்டு. பாலின் கொழுப்பும் புரதமும் சீனி பெரிய மணிகளாக உறைவதைத் தடுத்து வில்லையை மழமழப்பாக்குகின்றன. மணல்போல் நறநறக்கும் கும்பேதான் வேண்டுமென்றால் பாலை விடலாம். சாக்லெட்டின் வழவழப்போடு இணைய வேண்டுமென்றால் 100 கிராம் டின்பாலும் அதற்கு ஈடாக 50 கிராம் குறைவான சீனியும் நல்லது.

மாவுத்தட்டு எளியது. 150 கிராம் மைதா, 100 கிராம் பட்டர், 50 கிராம் சீனிப்பொடி, அரைத் தேக்கரண்டி ஏலப்பொடி ஆகியவற்றைப் பிசறி, தட்டில் அழுத்தி, 175 டிகிரியில் விளிம்பு பொன்னிறமாகும்வரை ஏறத்தாழ இருபது நிமிடம் சுட வேண்டும். பேக்கிங் பவுடர் இல்லாததால் மலையின் குறைந்த அழுத்தம் இதைத் தொந்தரவு செய்யாது. சூடான தேங்காய்க் கலவையை இதன்மேல் பரப்பி அழுத்திவிட வேண்டும்.

சாக்லெட் இந்த இனிப்புக்கு உறவில்லாதது என்ற மறுப்பு இனி வருகிறது. சோமாலிய மரபில் அதற்கு இடமில்லை என்பது மெய். ஆனால் மலேசியாவில் கொக்கோவை அந்நியம் என்று தள்ள முடியாது. சபாவின் தாவாவை மையமாகக் கொண்டு வளர்ந்த கொக்கோ விளைச்சல் 1990இல் ஏறத்தாழ இரண்டரை லட்சம் டன்னை எட்டியது. பிறகு நிலம் செம்பனைக்கு மாறியது. இன்றும் பிற நாட்டுக் கொட்டையை வாங்கி அரைக்கும் பெரிய ஆலைகள் நாட்டில் உண்டு. சமவெளி வீடுகளில் சாக்லெட்டுக்குத் தடை வெப்பம்தான். கொக்கோ வெண்ணெய் ஆறு வகைப் படிகங்களாக உறையக்கூடியது. 34 டிகிரியை ஒட்டி உருகும் ஐந்தாம் வகை மட்டுமே பளபளப்பும் ‘டக்’கென்று ஒடியும் தன்மையும் தரும். கறுப்புச் சாக்லெட்டை 45 டிகிரி வரை உருக்கி, 28க்குக் குளிர்வித்து, மறுபடி 31க்கு ஏற்றினால் அந்தப் படிகம் கிடைக்கும். ஈப்போ போன்ற தாழ்நில நகரத்தின் 32 டிகிரிப் பகலில் அந்தக் குளிர்வித்தல் பெரும்பாடு. ஆகவே கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் செம்பனைக் கொட்டை எண்ணெய் கலந்த மலிவான சாக்லெட்டைத் தேடுகிறார்கள். அது எளிதில் உறையும், நாவில் மெழுகாக ஒட்டும். ரிங்லெட்டின் இருபது டிகிரியை ஒட்டிய அடுக்களையில் நல்ல சாக்லெட் மேசைமீதே தானாக இறுகும். ஒரு தட்டுக்கு 150 கிராம் போதும். ஒரு துளி நீரும் படக்கூடாது. பட்டால் சாக்லெட் திரிந்து கட்டியாகிவிடும். தேங்காய் அடுக்கின் ஆவி அடங்கியபின் ஊற்ற வேண்டும் என்பது அதனால்தான். பாதி இறுகியபோது சூடான, ஈரமற்ற கத்தியால் கோடு போட்டுவிட்டால் பிறகு வெட்டும்போது மேலடுக்கு விரியாது.

மலைக்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான மறுப்பு ஈரம். கேமரன் மலையின் காற்றில் ஈரப்பதம் மிகுதி. சீனி அதை உறிஞ்சிக் கசியும். மேலே மூடிய சாக்லெட் அடுக்கு ஓரளவு கவசமாகிறது. மீதியைக் காற்றுப்புகாத டப்பா பார்த்துக்கொள்ளும். இதற்கு ஈடாக மலை தரும் நன்மை ஒன்று உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையும். தாழ்நிலத்தில் நடு அடுக்கின் எண்ணெய் திரவமாகவே இருந்து மெல்ல மெல்லச் சாக்லெட்டுக்குள் ஊறும். ஊறிய எண்ணெய் கொக்கோ வெண்ணெயை இளக்கி, மேற்பரப்பில் வெளுத்த படலத்தை எழுப்பும். ரிங்லெட்டில் அந்த எண்ணெய் உறைந்தே கிடப்பதால் வில்லை நாலைந்து நாள் உறுதியாக நிற்கும். தாப்பாவுக்குக் கீழே உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் விடியற்காலையில் புறப்படுவதும், போய்ச் சேர்ந்த அன்றே பகிர்ந்துவிடுவதும் நல்லது. அங்கே குளிர்ப்பெட்டியில் வைக்க நேர்ந்தால், வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் அறைச்சூட்டுக்கு வரவிட வேண்டும்; உடனே திறந்தால் காற்றின் ஈரம் சாக்லெட்மீது வியர்வையாகப் படிந்து, சீனியைக் கரைத்து வெள்ளைத் திட்டுகளாக உலரும்.