வெளிநாட்டில் எலக்ட்ரீசியன் வேலை: இந்தியச் சான்றிதழ் செல்லுமா? உரிமம் பெறுவது எப்படி?

ஐடிஐ முடித்து வெளிநாடு செல்லும் மின்பணியாளர்கள், விசாவைத் தவிர அந்நாட்டின் தொழில் உரிமத்தையும் பெற வேண்டியுள்ளது. நாடு வாரியான நடைமுறைகளும், புறப்படும் முன் திரட்ட வேண்டிய ஆவணங்களும் குறித்த தொகுப்பு.

ஹைதராபாத்: தெலங்கானாவின் கரீம்நகர், ஜகித்யால், நிஜாமாபாத் மாவட்டங்களைப் போலவே தமிழ்நாட்டில் இருந்தும் எலக்ட்ரீசியன் பணிக்காக வெளிநாடு செல்வோர் ஏராளம். ஐடிஐ சான்றிதழும் சில ஆண்டு அனுபவமும் போதும் என்ற நம்பிக்கையில் கடன் வாங்கிப் புறப்படுவோர், சென்ற இடத்தில் உதவியாளராகவே ஆண்டுகளைக் கழிக்க நேரிடலாம். விசா என்பது அந்நாட்டில் தங்கிப் பணியாற்றுவதற்கான அனுமதி மட்டுமே. மின் இணைப்புப் பணியைத் தனித்துச் செய்வதற்கான உரிமம் பல நாடுகளில் தனியே வழங்கப்படுகிறது.

ஏன் மீண்டும் உரிமம்?

இந்தியாவில் மும்முனை இணைப்புக்குச் சிவப்பு, மஞ்சள், நீல நிற வயர்களும், நியூட்ரலுக்குக் கருப்பு நிற வயரும் வழக்கமாகப் பயன்படுத்தப்படுகின்றன. பிரிட்டனில் 2006ஆம் ஆண்டு முதல் கட்டாயமான முறைப்படி கருப்பு என்பது மின்சாரம் பாயும் மூன்று முனைகளுள் ஒன்று. நியூட்ரலின் நிறம் நீலம். கனடாவிலும் கருப்பு வயரில் மின்சாரம் பாயும். அங்கு நியூட்ரல் வெள்ளை. இங்கு பழகிய கை, அங்கு கருப்பு வயரை நியூட்ரல் என எண்ணித் தொட்டால் உயிருக்கே ஆபத்து. மின்னழுத்தம், எர்த்திங் முறை, பரிசோதனை விதிகள் ஆகியவையும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. ஆகவே, தங்கள் விதிகளை அறிந்தவர் என உறுதிசெய்த பின்னரே அந்நாடுகள் உரிமம் தருகின்றன.

இந்தியாவிலேயே வயர்மேன், மேற்பார்வையாளர் தகுதிச் சான்றிதழ்கள் மாநில அளவில்தான் வழங்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் இப்பணியைச் செய்கிறது.

சவுதி அரேபியா:

எலக்ட்ரீசியன், பிளம்பர், வெல்டர் உள்ளிட்ட தொழில்களுக்குச் சவுதி அரசு திறன் சரிபார்ப்புத் திட்டத்தை நடத்துகிறது. 'தகாமுல்' நிறுவனம் செயல்படுத்தும் இத்தேர்வை இந்தியாவில் உள்ள மையங்களிலேயே எழுதலாம். எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு என இரு பகுதிகள் உண்டு.

சிங்கப்பூர்:

தமிழ்நாட்டில் 'ஸ்கில் டெஸ்ட்' என அறியப்படும் கட்டடத் துறைத் திறன் தேர்வில் மின் வயரிங் பிரிவும் உள்ளது. இதில் தேர்ச்சி பெறுவது பணி அனுமதி பெறவே உதவும். அதுவே உரிமம் ஆகாது. உரிமம் பெற்ற மின்பணியாளர் என்ற தகுதியைச் சிங்கப்பூரின் எரிசக்திச் சந்தை ஆணையம் வழங்குகிறது. எலக்ட்ரீசியன், தொழில்நுட்பர், பொறியாளர் என அதில் மூன்று நிலைகள் உள்ளன. முதல் நிலையில் இருப்பவர் 45 கேவிஏ வரையிலான இணைப்புகளில் மட்டுமே பணியாற்றலாம்.

ஆஸ்திரேலியா:

அந்நாட்டு அரசின் 'டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா' அமைப்பின் கீழ், 'வெட்டாசெஸ்' போன்ற அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்கள் விண்ணப்பதாரரின் ஆவணங்களையும் செய்முறைத் திறனையும் மதிப்பிடுகின்றன. தேறியவருக்குக் கிடைப்பது தொழில்நுட்பத் திறன் பதிவேடு மட்டுமே. அதைக் கொண்டு குடியேறும் மாநிலத்தில் தற்காலிக உரிமம் பெற்று, உரிமம் உள்ளவரின் மேற்பார்வையில் பணியாற்றியபடி, ஆஸ்திரேலிய விதிகள் குறித்த இடைநிரப்புப் பயிற்சியை முடிக்க வேண்டும். அதன் பின்னரே முழு உரிமத்துக்கு விண்ணப்பிக்க இயலும். இடைப்பட்ட காலத்தில் தனித்துப் பணியாற்றுவது சட்டவிரோதம்.

கனடா:

உரிமம் மாகாண அரசுகளின் கையில் உள்ளது. ஒன்டாரியோவில் '309ஏ' பிரிவு எலக்ட்ரீசியனுக்கான தொழிற்பயிற்சிக் காலம் 9,000 மணி நேரம். வெளிநாட்டில் பணியாற்றியவர்கள் அதற்கு நிகரான அனுபவம் இருப்பதை மதிப்பீட்டில் நிரூபித்தால் நேரடியாகத் தேர்வு எழுதலாம். தேர்ச்சிக்கு 70 விழுக்காடு மதிப்பெண் தேவை.

அனுபவச் சான்றில் கவனம்:

எந்த நாட்டு மதிப்பீட்டிலும் முதலில் கேட்கப்படுவது அனுபவச் சான்றுதான். 'எங்களிடம் பணியாற்றினார்' என்ற ஒற்றை வரிக் கடிதம் பயன்படாது. பணியில் சேர்ந்த நாள், விலகிய நாள், வாரப் பணி நேரம், வயரிங், பேனல் போர்டு, மோட்டார் பழுது என மேற்கொண்ட வேலைகள் ஆகியவை நிறுவனத்தின் கடிதத்தாளில் இடம்பெற வேண்டும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, வருங்கால வைப்பு நிதிப் பதிவு ஆகியவை அதற்குத் துணைச் சான்றுகள்.

வளைகுடா நாடுகளில் இருந்து வேறு நாட்டுக்குச் செல்ல விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விசாவிலும் ஒப்பந்தத்திலும் 'உதவியாளர்' அல்லது 'தொழிலாளி' எனக் குறிப்பிடப்பட்டிருந்தால், எலக்ட்ரீசியனாகவே உழைத்திருந்தாலும் அந்த ஆண்டுகளைக் கணக்கில் கொண்டுவருவது கடினம். எனவே, கையெழுத்திடும் முன் பதவிப் பெயரைச் சரிபார்ப்பது அவசியம். ஒரு நிறுவனத்தை விட்டு விலகும்போதே சான்றைப் பெற்றுவிடுவதும் நல்லது. நிறுவனம் மூடப்பட்டால் பின்னர் கேட்க ஆள் இருக்காது.

சான்றொப்பமும் முகவர் கட்டணமும்:

இந்தியா 2005ஆம் ஆண்டு அப்போஸ்டில் உடன்படிக்கையில் இணைந்தது. உறுப்பு நாடுகளுக்குச் செல்வோரின் கல்விச் சான்றிதழ்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை போதுமானது. ஐக்கிய அரபு அமீரகம் போன்ற உறுப்பினரல்லாத நாடுகளுக்கு, தூதரகச் சான்றொப்பமும் தேவை.

பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெறாதவர்கள், வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் முன் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். இதற்கான குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகங்கள் ஹைதராபாத்திலும் சென்னையிலும் உள்ளன. பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் பெறக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் ரூ.30,000; அதனுடன் ஜிஎஸ்டி சேரும். முகவரின் பதிவு உண்மையானதா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

தெலங்கானாவில் 'டாம்காம்', தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஆகிய அரசு நிறுவனங்களும் வெளிநாட்டு வேலைக்கு ஆட்களைத் தேர்வு செய்கின்றன. முகவரிடம் முன்பணம் செலுத்தும் முன், 'அந்த நாட்டில் எனக்கு உரிமம் வழங்குவது எந்த அமைப்பு, அதற்கு எத்தனை மாதம் ஆகும், அதுவரை எனது பதவியும் ஊதியமும் என்ன?' என்ற மூன்று கேள்விகளுக்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் பெறுவது பிற்கால ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.